கட்டிலுக்குக் கீழே ஓடிய ஆறு

நான் யாழ்ப்பாணத்தான். எனக்கு ஆறு தெரியாது. எங்கள் குடாநாட்டில் வழுக்கை ஆறு என்று ஒன்று உண்டு. மாரியில் வயல்களுக்கிடையே கொஞ்சம் தண்ணீர் நகரும், மற்ற மாதங்களில் அதற்குள் ஆடு மேயும். தண்ணீர் என்றால் எங்களுக்குக் கிணறுதான். அது இருந்த இடத்திலேயே இருக்கும், வேண்டுமானால் நாம்தான் போய் அள்ள வேண்டும். தண்ணீர் ஆளைத் தேடி வீட்டுக்கு வரும் என்பதை முப்பத்திரண்டு வயதில் பலெர்மோவில்தான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பழைய நகரத்தில், பாலாரோ சந்தைக்குப் பக்கத்தில், போர்த்தா தி காஸ்திரோ என்ற தெருவில் ஓர் அறை எடுத்திருந்தேன். தரைமட்ட அறை, யன்னல் கிடையாது. கதவைத் திறந்தால் தெரு, மூடினால் இருட்டு. என்னோடு மன்னார்க்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை. எனக்கு லிபெர்த்தாப் பக்கம் நான்காம் மாடியில் ஒரு வயதான சிஞோராவின் வீட்டில் வேலை. துடைப்பது, சமைப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது.

அந்தத் தெருவில் சில விசித்திரங்கள் இருந்தன. இரண்டு பக்கத்து ஒழுங்கைகளும் படிகளாக இறங்கித்தான் அதற்கு வந்து சேரும். நேராகப் போவதற்கு ஒரு தடையும் இல்லாத இடங்களில் அது வளைந்து போகும். நான் இதையெல்லாம் பார்த்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. வந்த நாட்டுத் தெரு எப்படி வளைந்தால் எனக்கென்ன.

சொன்னது மேல்மாடியில் இருந்த தையற்காரி. ஏறத்தாழ என் வயது, கணவன் இல்லை, வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. நான் சாமான்களோடு வந்து இறங்கிய அன்றே பல்கனியில் இருந்து எட்டிப் பார்த்து, "கட்டிலுக்குக் கீழே ஒன்றும் வைக்காதீர்கள்" என்றாள்.

"ஏன்?"

"ஆறு வரும்."

"எந்த ஆறு?"

"நீங்கள் நிற்கிற ஆறு."

அவள் கீழே இறங்கி வந்து மாடிப்படிச் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினாள். என் நெஞ்சளவு உயரம். அவளுடைய தாய் சிறுமியாக இருந்தபோது வந்த பெருவெள்ளம் அதுவரை ஏறியதாம். தெருவுக்கு அடியில் ஓர் ஆறு இருக்கிறது, பல நூறு வருசங்களுக்கு முன் அதை மூடிப் புதைத்துவிட்டார்கள் என்றாள். நான் தலையாட்டினேன். கேட்காமல் புத்தி சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அதோடு, தார்த்தெருவில் நின்றுகொண்டு ஆறு வரும் என்று ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்?

பத்திரங்கள் இருந்த கறுப்பு றெக்சின் பையை அன்றைக்கே கட்டிலுக்குக் கீழே, சுவரோரமாகத் தள்ளி வைத்தேன்.

இதை வேறு நாட்டுக்காரன் செய்தால் சோம்பல் என்று சொல்லலாம். நான் செய்தது பழக்கம். ஊரில் குண்டு போடப் பொம்மர் வந்தால் எல்லாரும் நிலத்தடிப் பங்கருக்குள். ஆளுக்கு முன்னால் பத்திரப்பை உள்ளே போகும். மாரியில் பங்கருக்குள் தண்ணீர் நின்றால், பை வீட்டுச் சீமெந்துத் தரையில், கட்டிலுக்குக் கீழே, யன்னலுக்கு எட்டாத மூலையில் இருக்கும். உயரத்தில் இருப்பதெல்லாம் சிதறும், தாழ இருப்பது தப்பும். இந்த ஒரு விசயத்தை எங்களுக்கு யாரும் இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை. மன்னார்க்காரர் மட்டும் தன்னுடைய பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைச் சுவரில் மாட்டிய மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். "ஷெல் விழுந்தா முதல் போறது உங்கடை மாதாதான்" என்று நான் அவரைப் பகிடி பண்ணுவேன்.

அந்த ஐப்பசியில் பைக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் கலியாணப் பதிவுப் பத்திரம், மகளின் பிறப்புப் பத்திரம், அவற்றின் இத்தாலிய மொழிபெயர்ப்பு, மேலே தூதரகத்தின் முத்திரை. மனைவி பிள்ளையோடு ஊரை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்து, கந்தோர் கந்தோராக அலைந்து சேர்த்தவை. கொழும்பில் ஒரு லொட்ஜில் அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். நான் வெளிக்கிட்டபோது மகளுக்கு ஆறு மாதம், இப்போது மூன்று வயது. அவர்களை என்னிடம் கூப்பிடுவதற்கு மூலப் பத்திரங்களைத் திங்கட்கிழமை குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை பையைத் திறந்து, பொலித்தீன் சுற்றைக் கழற்றி, எல்லாவற்றையும் கொப்பி எடுத்தேன். மூலத்தையும் கொப்பியையும் அதே பைக்குள் வைத்தேன். திங்கள் எப்படியும் எடுக்கத்தானே போகிறோம் என்று திரும்பப் பொலித்தீனைச் சுற்றவில்லை.

வெள்ளி மத்தியானம் மழை பிடித்தது. கோடை முழுவதும் ஒரு துளி இல்லாத நகரம். சிஞோரா வீட்டில் காயப்போட்ட துணிகளை எடுக்கப் பல்கனிக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். கையை நீட்டி நனைய விட்டேன். உள்ளே இருந்து சிஞோரா, "எவ்வளவு மோசமான வானிலை!" என்றார். நான் மனதுக்குள் சிரித்தேன். மழையைத் திட்டுகிற சனம் உருப்படுமா என்று நினைத்ததாகவும் ஞாபகம். அந்த அரை மணி நேரம் நான் சந்தோசமாக இருந்தேன். இன்றைக்கும் அதுதான் என்னைக் குத்துகிறது.

பஸ் ஓடவில்லை. நடந்து வந்து, என் தெருவுக்கு இறங்கும் படிகளில் நின்றேன். கீழே ஐந்து படிகளைக் காணவில்லை. மண்ணிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சந்தையின் கோவா இலைகள், மீன்பெட்டிகள், ஒற்றைச் செருப்பு. எல்லாம் துறைமுகப் பக்கமாக, தெரு வளைந்த இடத்தில் வளைந்து போயின. எந்தப் பக்கம் போவது என்று அந்தத் தண்ணீருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தெரு ஏன் வளைந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இடுப்பளவு தண்ணீரில் கதவைத் தள்ளித் திறந்தேன். கட்டில் மிதந்து சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. பை கட்டிலோடு எழும்பவில்லை. குனிந்து, முகம் வரை அமிழ்ந்து, தடவித்தான் எடுத்தேன். சாக்கடை மணம். மாதா படம் தன் ஆணியில் சொட்டுத் தண்ணீர் படாமல் தொங்கியது.

தையற்காரி மரக்கறி வாங்கக் கயிற்றில் இறக்கும் கூடையை இறக்கினாள். பையை அதில் வைத்தேன். நான் மேலே ஏறிப் போவதற்குள் அவள் மேசையைத் துடைத்து, பத்திரங்களைத் துணிகளுக்கிடையில் விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கியிருந்தாள். நான் சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஒவ்வொன்றாக அழுத்திக் கொடுத்தாள். பதிவாளர் நீல மையில், பேனையால் எழுதியவர். அச்சடித்த கோடுகள் அப்படியே இருந்தன, பெயர் எழுதும் இடங்கள் வெளிர்நீலமாக இருந்தன. முத்திரை ஊதாக் கறையாகப் பரவியிருந்தது. படிவம் இருந்தது, நாங்கள் இல்லை.

திங்கட்கிழமை குவெஸ்தூராவில் இருந்த அலுவலர் மரியாதையானவர். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொப்பிகளில் எழுத்துத் தெரிந்தது, ஆனால் கொப்பி கொப்பிதான் என்றார். புதிய மூலம் எடுத்து வரச் சொன்னார். அன்று பின்னேரம் தெலிபோன் பெட்டிக்குள் நின்று லொட்ஜுக்கு எடுத்தேன்.

"பத்திரம் எல்லாம் வெள்ளத்திலை நனைஞ்சு போச்சு."

 மனைவி, "எங்கை வைச்சனீங்கள்?" என்றாள்.

"கட்டிலுக்குக் கீழை."

"ஓம்," என்றாள். "வேறை எங்கை வைக்கிறது."

ஏசுவாள் என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பெட்டிக்குள் நின்று அழுதேன், வெளியே ஒருவன் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தான்.

யாழ்ப்பாணக் கந்தோரில் புதுப் பிரதி எடுக்க ஆளைப் பிடித்தோம். அவர் போய்ச் சேருவதற்குள் சண்டை நெருங்கி, யாழ்ப்பாணமே எழும்பி இடம்பெயர்ந்தது. சனமும் கந்தோரும் பதிவேடுகளும் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் இருக்க வேண்டிய இரண்டாம் பதிவு யுத்தத்தால் அங்கே வந்து சேரவேயில்லை. எங்களுக்குக் கலியாணம் நடந்ததற்குச் சாட்சி நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு கிறுக்கு. என்னைக் கெடுத்தவன் யார், எங்கிருந்து வருகிறான் என்று பார்க்க வேண்டும். பழைய அரச அரண்மனைக்குப் பின்னால் உள்ள பள்ளத் தோட்டங்களில் இருந்து தொடங்கி, என் தெரு வழியாக, சந்தையின் பின்புறமாக, பழைய துறைமுகம் வரை நடப்பேன். மெதுவாக நடந்தால் முக்கால் மணி. ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படாது. அந்தப் புதைத்த ஆற்றுக்குக் கெமோனியா என்று பெயர். பழைய ஆட்கள் வைத்த மற்றப் பெயர், கெட்ட வானிலையின் ஆறு. நகரத்துக்குத் தெற்கே ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் இதற்கு நேர்மாறு: வளைவு வளைவாக ஒரு பழங்காலப் பாலம் காய்ந்த தரையில் நிற்கிறது, ஆற்றைத் தள்ளிக் கொண்டுபோய் வேறு வழியில் விட்டுவிட்டார்கள். இந்த ஊரில் எதையும் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

கந்தோர் திரும்ப இயங்கத் தொடங்கி, இரண்டரை வருசம் கழித்துப் புதுப் பத்திரம் கிடைத்தது. அவர்கள் வந்தபோது மகளுக்கு ஆறு வயது. ஒரேத்தோப் பக்கம் மூன்றாம் மாடியில் வீடு எடுத்திருந்தேன். என்னை அவளுக்குப் படத்தில்தான் தெரியும். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் தாயிடம் கேட்பாள், தாய் என்னிடம் கேட்பாள்.

வந்த அன்று மனைவி பத்திரப்பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். நான் எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். அடுத்த நாள் அது கட்டிலுக்குக் கீழே. திரும்பவும் மேலே வைத்தேன்.  கோடை முழுவதும் பை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

புரட்டாதியில் ஒரு பின்னேரம் முதல் இடி விழுந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மழை என்றதும் எனக்குப் பைதான் நினைவு. அறைக்குள் ஓடி, கதிரையில் ஏறி, அலுமாரி உச்சியில் கையை வைத்துத் தடவினேன், பை அங்கேதான் இருந்தது. ஆட்களைத்தான் காணவில்லை. இரண்டாவது இடியோடு கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து என்னை நோக்கி ஆடியது.

"அப்பா, கீழை வாங்கோ! கெதியா கீழை வாங்கோ!"

மூன்றாம் மாடி, இது வெறும் இடி, இங்கே ஷெல் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு கதிரையை விட்டு இறங்கி, அவர்களோடு கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தேன்.