இடது பக்கம் மட்டும் ஏன் தாமதம்?

மூன்று வருடங்களுக்கு முன்பு, மெல்பர்னில் குளிர் பிடிக்கத் தொடங்கியிருந்த சமயம். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் இளைஞர்களைத் தயார்செய்யும் ஒரு பயிற்சி மையத்தில் வீடியோ அனலிஸ்டாக இருந்தேன். இப்போதும் அங்கேதான். புள்ளியியல் படிக்க மதுரையிலிருந்து மெல்பர்னின் கிளேட்டன் பகுதிக்கு வந்தவள், பகுதி நேர வேலையாக ஆட்ட வீடியோக்களைப் பிரித்துக் கொடுக்கப்போய் அதிலேயே தங்கிவிட்டேன்.

அந்த வருடம் எங்களிடம் வந்தவர்களில் ஒருவர் தமிழர். மெல்பர்ன் புறநகரான டண்டினொங்கில் வளர்ந்தவர், பெற்றோருக்குச் சொந்த ஊர் இலங்கையின் மன்னார். இருபத்திரண்டு வயது. வாசலில் நின்றால் வெளிச்சமே வராது, அப்படி ஓர் உடம்பு. வெளிநாட்டுத் தொழில்முறை அணி ஒன்று அவரை லைன்பேக்கராக எடுத்து, போட்டிகள் இல்லாத மாதங்களில் எங்களிடம் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. லைன்பேக்கர் என்பவர் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்பார். எதிரணி பந்தை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று பார்த்த மாத்திரத்தில் பாய்ந்து மடக்க வேண்டும். அவருடைய பலம், பலவீனம், இனி எவ்வளவு தூரம் வருவார் என்பதை நாங்கள் எழுதி அனுப்பவேண்டும். அதை வைத்துத்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள்.

பலத்தை எழுதுவது சுலபமாக இருந்தது. வேகம், பிடித்தால் விடாத கை, சக ஆட்டக்காரர்களைச் சத்தம்போட்டு நகர்த்தும் தைரியம். பலவீனம் ஒன்றே ஒன்று. பந்து இடது பக்கம் போனால் ஒரு நொடி பிந்திவிடுவார். தலைமைப் பயிற்சியாளர் யோசிக்கவே இல்லை. போன சீசனில் முகத்தில் பலமாக அடிபட்டதிலிருந்து அவருக்குப் பயம் வந்துவிட்டது, அப்படியே எழுது என்றார்.

எனக்கு அது ஒட்டவில்லை. பயந்தவர் வலது பக்கம் மட்டும் எப்படி அப்படிப் பாய்வார்? அடிபடுவதற்கு முந்தைய ஆட்டங்களையும் இப்போதைய பயிற்சி வீடியோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். முன்பெல்லாம் அவர் தலையைத் திருப்பாமலே இடது பக்கம் நகர்வார். இப்போது முழுக் கழுத்தையும் திருப்பிய பிறகே கால் நகர்ந்தது.

மறுநாள் கேன்டீனில் அவருக்கு இடது பக்கம் போய் நின்று, "தம்பி" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எத்தனை நாளா அந்தப் பக்கம் தெரியல?"

சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு மாசமா அக்கா. கறுப்புக் கர்ட்டின் மாதிரி. கூடிக்கொண்டு வருது. ப்ளீஸ், ரிப்போர்ட்டில எழுதிப்போடாதேங்கோ. அம்மாவுக்கும் தெரியாது" என்றார்.

"நான் எழுதுறதப் பத்தி அப்புறம் பேசலாம். இப்பவே கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். கார் இருக்கு, வாங்க."

"நாலு வருசம் உழைச்சிருக்கிறன். ஒரு டொக்டர் 'நோ' எண்டால் எல்லாம் முடிஞ்சுது. உங்களுக்கு விளங்காது" என்று எழுந்து போய்விட்டார்.

 அவர் விருப்பத்தை மீறி மைய மருத்துவரிடம் சொல்வதா, சும்மா இருப்பதா? அன்று மாலை ஒருவரோடொருவர் முட்டி ஆடும் மோதல் பயிற்சி இருந்தது. சொல்லியே ஆகவேண்டும் என்று முடிவுசெய்து, முதலில் அவரிடமே அதைச் சொல்லத் தேடிப்போனேன். அவர் கார் நிறுத்துமிடத்தில், என் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கோ, போவம்" என்றார். வழியில், "காலமை இருந்ததைவிட இப்ப கர்ட்டின் கூடிட்டுது அக்கா" என்றார்.

போன சீசனில் பட்ட அடியால் இடது கண்ணின் விழித்திரை பிரிந்துகொண்டு வருகிறது, இன்னொரு பலமான அடி விழுந்திருந்தால் அந்தக் கண்ணே போயிருக்கும் என்றார் மருத்துவர். அன்றே அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார்கள். மகன் போனில் சொன்னதும், அவருடைய அம்மா தொழிற்சாலையிலிருந்து வேலை உடுப்போடு ஓடிவந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீங்கள்தானோ? என்ர பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப் போட்டீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டுதான் ட்ரெயின்ல வந்தனான். டொக்டர் சொன்னாப் பிறகுதான் விளங்குது, கண்ணைக் காப்பாத்தியிருக்கிறீங்கள்" என்றார்.  பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அறுவை சிகிச்சை முடியும்வரை என் கையை விடவில்லை.

பார்வை தப்பியது. ஒப்பந்தம் தப்பவில்லை. அவர் சம்மதத்தோடு உள்ளதை உள்ளபடி எழுதினேன். பலவீனம் என்ற இடத்தில் பயம் என்ற சொல் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன். பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகப் பிறகு அறிந்தேன். ஆனால், தம்பி என்னிடம் பல மாதங்கள் பேசவில்லை. நானும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் மையத்துக்கு வந்தார். நான் புதிய ஆட்டக்காரர் ஒருவரின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவர், "அக்கா, கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ. இவருக்கு வலது கணுக்கால் நோகுது. ஒருத்தருக்கும் சொல்லாமல் ஆடுறார்" என்றார். இரண்டு முறை பார்த்தும் எனக்குப் பிடிபடாத விஷயம். விசாரித்தால், அது உண்மை. இன்று அவர் எங்கள் மையத்தில் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

ஒருவருடைய குறை என்று எதையாவது எழுதும்போதெல்லாம், அவரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டாயா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். கேட்காத நாட்களில் ரிப்போர்ட்டை அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.