நஸ்ரீன் தைத்த பர்ஸ்

மகளுக்கு வாங்கிய புது ஷூவின் பெட்டியைத் திறந்ததும் தோலும் பசையும் கலந்த வாசனை எழுந்தது. உடனே ஆம்பூரில் அம்மா வேலை பார்த்த ஷூ கம்பெனியின் பின்பக்கத்துக்குப் போய்விட்டேன். இன்று அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. அன்று தகரக் கூரைக்குக் கீழே கழித்துப் போட்ட தோல் துண்டுகள் குவிந்து கிடக்கும். பள்ளி விட்டதும் நானும், அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் தைப்பவரின் மகள் நஸ்ரீனும், சங்கு ஊதி வேலை முடியும்வரை, உள்ளே மிஷின்கள் கடகடப்பதைக் கேட்டபடி அந்தக் குவியல்மேல் சாய்ந்து கிடப்போம்.

அந்தத் துண்டுகளிலேயே நஸ்ரீன் ஒரு பர்ஸ் தைத்து அம்மாவுக்குக் கொடுத்தாள். "இன்னா கைடி உனக்கு!" என்று அம்மா அவள் விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் விரல்களை அம்மா அப்படிப் பிடித்ததே இல்லை. மறுநாள் அம்மாவின் சாப்பாட்டுப் பையிலிருந்து பர்ஸை எடுத்துக் கத்தரியால் வெட்டினேன். திரும்பினால் நஸ்ரீன் நின்றிருந்தாள்.

"யார் பண்ண வேல இது?" என்று கேட்டபோது அம்மா என்னைத்தான் பார்த்தாள்.

"நான்தான் ஆன்ட்டி. தையல் கோணலா இருந்துச்சு, பிரிக்கப்போய் அறுந்துடுச்சு. வேற தச்சுத் தர்றேன்," என்றாள் நஸ்ரீன்.

அவள் கைத்திறமைமேல் இருந்த பொறாமை, நானும் தைக்கப் பழகியபின் போய்விட்டது. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், நல்ல துண்டாகப் பொறுக்கப் போனாளே, அந்த மனசுமேல் எனக்கு இன்றும் பொறாமைதான்.