தமிழில் எனக்கொரு குரல்

பிரான்சின் துலூஸ் நகரில், துணி துவைக்கும் மெஷின் பழுதானால் மக்கள் போன் செய்யும் ஒரு கம்பெனியில் பதில் சொல்வது என் வேலை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்கள் என்னை 'மதாம்' என்கிறார்கள். குரலை மட்டும் கேட்டு, பெண்ணென்று எடுத்துக்கொண்டு சொல்கிறார்கள். அது எனக்கு இன்னும் பழகவில்லை; ஒவ்வொரு முறையும் ஒரு நொடி நின்று, பிறகுதான் மெஷின் என்ன சத்தம் போடுகிறது என்று கேட்கிறேன். ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்டு, முப்பத்திரண்டு வயதில் செலின் ஆனவள் நான். குரல் தானாக மாறவில்லை. ஒன்றரை வருடம், வாரம் தவறாமல் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போய், மார்பில் அதிரும் ஒலியை முகத்துக்குக் கொண்டுவரக் கற்றேன்.

ஒருநாள் அந்த அம்மையார் என் தாய்மொழியில் ஏதாவது பேசச் சொன்னார். இன்று மழை பெய்கிறது என்று தமிழில் சொன்னேன். குரல் தொப்பென்று கீழே விழுந்தது. பழைய குரல், அப்படியே. அவர் குறிப்பெடுத்துக்கொண்டு, தமிழ் இவ்வளவு தாழ்ந்த சுருதியில்தான் பேசப்படுமா, உங்கள் ஊர்ப் பெண்களும் இப்படித்தானா என்று அக்கறையோடு கேட்டார். இல்லை என்றேன். பிரெஞ்சு நான் வளர்ந்தபின் உள்ளே வந்த மொழி. என்னோடு சேர்ந்து மாறிக்கொண்டது. தமிழில் யாரும் என்னை ஒரு பெண்ணாக நினைத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மொழியில் நான் யாரைப் போலப் பேசுவது?

போன கோடையில் ஐந்து வாரம் விடுப்பெடுத்துச் சொந்த ஊரான புதுச்சேரிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர், "எங்கம்மா போவணும்?" என்றார். கருவடிக்குப்பம் என்றேன். கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். அதன்பின் இறங்கும்வரை அவர் வாயில் அம்மாவும் வரவில்லை, அண்ணனும் வரவில்லை.

வீட்டில் அம்மாவும் தங்கை அனித்தாவும். சர்க்கரை வியாதி அம்மாவின் பார்வையை எடுத்து மூன்று வருடமாகிறது. நான் மாறியதை அனித்தா முன்பே சொல்லியிருந்தாள். வரச் சொல்லு என்று மட்டும் அம்மா சொன்னாளாம். ஆனால் ஞாயிறுதோறும் போனில் நான் அவளிடம் பழைய குரலில்தான் பேசி வந்தேன். என் சுடிதாரை அவள் பார்க்கப் போவதில்லை, வளர்த்த முடியையும் பார்க்கப் போவதில்லை. அவளிடம் மிச்சமிருந்த பிள்ளை முழுக்கக் குரல்தான். அதையும் எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சலில்லை.

அதனால் கீழே ஒரு குரல், மொட்டைமாடியில் ஒரு குரல் என்று நாட்கள் போயின. தட்டாஞ்சாவடி கம்பெனிக்கு ஷிஃப்ட் போகுமுன் அனித்தா காலையில் அரைமணி நேரம் மாடியில் என்னைப் பேசவைப்பாள். நான்காம் நாளே குறையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீ எல்லாத்தையும் பர்மிஷன் கேக்குற மாதிரி பேசுற. நாங்க அப்படியா பேசுறோம்?"

உண்மைதான். நான் போன் கம்பெனியின் பிரெஞ்சுப் பணிவைத் தமிழில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கம் கூட்டிப்போனாள். என்னுடையதைவிடக் கட்டையான குரலில் பெண்கள் விலை சொன்னார்கள், ஏசினார்கள், கொஞ்சினார்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுருதியை விட்டுவிட்டு, அவர்கள் ஒரு சொல்லை எங்கே இழுக்கிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். பிறகு தினமும் தனியாகப் போய் சங்கரா, நெத்திலி என்று வாங்கினேன். மூன்றாம் வாரம் ஒரு மீன்காரம்மா, "இன்னாடி, நேத்து ஆளக் காணோம்?" என்றார். அந்த 'டி'யை வீடுவரை கொண்டுவந்தேன்.

அந்த மகிழ்ச்சியில்தான் தவறு நடந்தது. வாசலில் செருப்பை உதறிக்கொண்டே, "யப்பா, இன்னா வெயிலு," என்றேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, கலைந்த புடவையைச் சரிசெய்தாள்.

"யாரும்மா? அனித்தா வேலைக்குப் போயிருக்கா. உக்காருங்க."

நான் ஏங்கியது இதற்குத்தான். தமிழில், ஒரு சந்தேகமும் இல்லாமல், ஒருவர் என்னைப் பெண்ணென்று எடுத்துக்கொண்டார். அவள் என்னைப் பெற்றவள்; அவளுக்கு நான் யாரோ. மீன்பை கையில் கனத்தது. பழைய குரலில் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு, அதே புதுக் குரலில் சொன்னேன்.

"நான்தாம்மா."

அவள் கையை நீட்டினாள். அருகில் போய்க் கீழே உட்கார்ந்தேன். கன்னம், காது என்று தடவிவந்த விரல்கள் தொண்டையில் நின்றன. இன்னொரு தடவை பேசு என்றாள். என்ன பேசுவதென்று தெரியாமல், நெத்திலி வாங்கிவந்தேன், குழம்பு வைக்கட்டுமா என்று கேட்டேன். என் குரல் அவள் விரல்நுனியில் அதிர்ந்தது.

"இப்படிப் பேசுனா தொண்ட வலிக்குதா?"

"மொதல்ல வலிச்சுது. இப்ப இல்ல."

"அப்ப இப்படியே பேசு. எனக்குத்தான் பழகணும்." விரல்களை எடுக்காமலே, "போன் பண்ணா மொதல்ல பேரச் சொல்லிடு. யாரோன்னு வெச்சிடப் போறேன்," என்றாள்.

மீதி நாட்களில் அவள் பலமுறை தடுமாறினாள். நீங்க என்று தொடங்கி நீயில் முடிப்பாள். ஒருமுறை பழைய பெயரைச் சொல்லிவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தக் காட்சியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சட்டென்று முகத்தை என் பக்கம் திருப்பினாள். முகம் மலர்ந்திருந்தது. "சிரிப்பு அப்படியே இருக்கு," என்றாள்.

துலூஸுக்குத் திரும்பியதும் பயிற்சியாளரிடம் தமிழில் பேசிக் காட்டினேன். குரல் விழவில்லை. அவர் கைதட்டிவிட்டு, இனி கடைசிப் பகுதி, இருமலும் சிரிப்பும், அவற்றையும் மாற்றிவிடலாம் என்றார். இருமலைக் கற்றுக்கொடுங்கள், சிரிப்பு வேண்டாம் என்றேன். களைத்துப்போய்விட்டேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஆறுதல் சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்ததும், செலின் பேசுறேன்மா என்கிறேன். சொல்லும்மா என்கிறாள், இன்னும் கொஞ்சம் எட்டி நின்றுதான். மார்க்கெட்டில் என்ன மீன், மாடி வீட்டுக்காரர் யாரோடு சண்டை என்று பேசிக்கொண்டே வருவாள். வேண்டுமென்றே எதையாவது கோணலாகச் சொல்லி நிறுத்துவாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பழைய குரல் வெளிப்பட்டுவிடும் என்று, ஆபீசில் இத்தனை நாள் நான் யார் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. ஞாயிறன்று என் வீட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவளுக்காகச் சிரிக்கிறேன்.