அண்ணையை முந்தலாமோ?

மரியாதை காரணமாக ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டியிருக்கிறீர்களோ? நான் தாண்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளில்!

மூன்று பேர் போனோம். முன்னுக்குக் குகன் அண்ணை. அறுபத்தொரு வயது, சூரிச்சில் ஒரு உணவகத்துக் குசினியில் முப்பது வருடமாகச் சமைக்கிறார். நடுவில் நான். பின்னுக்கு என் சிநேகிதி சுமதி, ஷ்லீரனில் கிளீனிங் வேலை. போன இடம் ஷவ்ஹவுசனுக்கு மேலே இருக்கிற ராண்டன் காடு — சுவிஸின் வடக்குத் தொங்கல், எல்லை ஓரம். காட்டைச் சுற்றி முப்பது கிலோமீட்டர் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற மவுண்டன் பைக் பாதை. கடை இல்லை, வீடு இல்லை. மரம்... மரம்... பிறகும் மரம்.

அந்தப் பாதையோடு எனக்கு ஒரு பழைய கோபம். முடிவில் ஒரு பொல்லாத ஏற்றம் வரும். முந்திப் போன இரண்டு தரமும் பாதியில் கால் ஊன்றி, இறங்கி, உருட்டிக்கொண்டுதான் போனேன். இந்த முறை கால் ஊன்றாமல் ஏறியே தீருவது என்று வீட்டில் சொன்னேன். என் மனுசன் சிரித்தார். "உமக்கு ஏலாது, விடும்."

இதைக் கேட்ட பிறகு விடலாமோ?

பாதி தூரம் நல்லாத்தான் போனது. ஒரு சந்தியில் சிவப்புப் பலகை இடப்பக்கம் காட்டியது. அண்ணை வலப்பக்கம் திரும்பினார். நான் கண்டேன். சுமதியும் கண்டாள். ஒரு சத்தம் போட்டிருக்கலாம்... ஆனால் முன்னுக்குப் போறது ஆர்? அண்ணை! வயதுக்கு மூத்தவரைப் பார்த்து "பிழையாப் போறியள்" என்று எப்படிக் கத்துவது? வாயை மூடிக்கொண்டு பின்னால் போனோம்.

ஆனால் அந்த இறக்கம் இருக்கே — அடடா! இலைகளுக்குள்ளால் வெயில் விழ, காது இரண்டும் இரைய, பின்னால் சுமதி "ஐயோ அம்மா!" என்று அலறிச் சிரிக்க... அவ்வளவு சந்தோசமாய் நான் இருந்து கனகாலம்.

அடிவாரத்தில் மூன்று போனும் ஒன்றாக அதிர்ந்தன. "ஜெர்மனிக்கு வரவேற்கிறோம்."

அண்ணை பிரேக் பிடித்தார். "ஐயையோ, எல்லையைத் தாண்டியிட்டம்!"

"ஓம் அண்ணை, மேலை சந்தியிலையே பாதை மாறியிட்டம்," என்றேன்.

"தெரிஞ்சுகொண்டே வந்தனீங்களோ?"

"நீங்கள் முன்னுக்குப் போனியள்..."

அண்ணை தலையில் கை வைத்தார். "பலகையை நானும் கண்டனான். நீங்கள் ரெண்டு பேரும் களைச்சுப்போனியள், சொல்ல வெக்கப்படுறியள் எண்டு நினைச்சு இறக்கத்தாலை விட்டனான்!"

எப்படி இருக்கிறது கதை? மரியாதை தெரிந்த மூன்று பேர், மரியாதையாலேயே ஜெர்மனியில்.

புல்லில் இருந்து, அண்ணை கொண்டுவந்த ரோல்ஸைச் சாப்பிட்டோம். அவர் காட்டைச் சுற்றிப் பார்த்தார். "இந்த எல்லையை முந்தி ஒருக்கா அகதியாத் தாண்டேக்கை மூச்சு விடவும் பயம், பிள்ளை. இண்டைக்கு எல்லை வந்ததே தெரியேல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் இன்னொரு ரோல்ஸை என் கையில் வைத்தார்.

திரும்ப மேலே ஏற ஒரு மணித்தியாலம் பிடித்தது. சரியான பாதையில் ஓடி அந்தப் பொல்லாத ஏற்றத்துக்கு வந்தபோது என் தொடை இரண்டும் கூழ். ஒடுங்கிய பாதை. முன்னுக்குத் திரும்பவும் அண்ணை. பாதியில் அவருடைய வேகம் செத்துப்போனது. நத்தை கூட முந்தும்! ஏற்றத்தில் மெதுவானால் சைக்கிள் தள்ளாடும், கால் தானாக மண்ணைத் தேடும். என் முன்சில்லுக்கும் அவர் பின்சில்லுக்கும் ஒரு சாண் இடைவெளி. பிரேக் பிடித்தால் கால் ஊன்ற வேணும். பிறகு வீட்டில் வருடம் முழுக்க அந்தச் சிரிப்பு.

முந்துவதோ? அண்ணையையோ?

"அண்ணை... விலகுங்கோ!"

என் குரலா அது? நாற்பத்தொன்பது வயதில், ஒரு மூத்தவரை விலகச் சொன்னது அதுதான் முதல் தரம். அண்ணை திரும்பிப் பார்த்தார். அப்படியே சைக்கிளைப் புல்லுக்குள் விட்டுக் குதித்தார்.

"போ பிள்ளை! விடாதை! மிதி, மிதி!"

கீழே இருந்து சுமதியும், "மிதியடீ!"

மிதித்தேன். மூச்சு இல்லை, கண் தெரியவில்லை, மிதித்தேன். நிலம் சமமானபோதுதான் உச்சி வந்தது விளங்கியது. கால் ஊன்றவில்லை! சைக்கிளைக் கிடத்திவிட்டு, வெக்கமே இல்லாமல் அழுதேன்.

அண்ணை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வியர்வை வழிய, முகமெல்லாம் பல்.

"மூண்டு வளைவா உன்ரை மூச்சு என்ரை முதுகிலை கேட்டது, பிள்ளை. எப்ப வாயைத் திறப்பாய் எண்டு பாத்துக்கொண்டெல்லோ வந்தனான்!"

மரியாதையை மனதில் வைத்திருங்கள் — பெல்லை அடித்துவிடுங்கள்.