கதவில்லாத வீடு காலி வீடு அல்ல

கதவைக் கழற்ற இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருமே எங்கள் லயத்துக்காரர்கள். எஸ்டேட்டில் தச்சு வேலை. ஒருவன் எனக்குத் தம்பி முறை. அவன்தான் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காத. தொரை சொல்லிட்டாரு."

"கழட்டு," என்றேன். "கீழ்க்கீல் துருப்பிடிச்சிருக்கு. கையக் கிழிச்சுக்காத."

"நீ ரெண்டு வார்த்தை திட்டிட்டாக்கூட எனக்கு மனசு ஆறும்."

"திட்டுறதுக்கு ஆள் நீயில்ல. தேத்தண்ணி இருக்கு. குடிச்சிட்டுக் கழட்டு."

குடித்தார்கள். கழற்றினார்கள். கதவைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார்கள். நான் அடுப்பை ஊதினேன்.

எங்கள் தேயிலை எஸ்டேட் பந்தலூர்ப் பக்கம். நான் சிலோனிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவள். வந்த வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு கொழுந்துதான். கல்யாணம், பிள்ளைகள், புருசன் சாவு, எல்லாம் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நடந்தது. காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும்; அந்த வரிசையை மலையாளத்துக்காரர்கள் பாடி என்பார்கள். நாங்கள் லயம் என்போம். சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

எனக்குப் பென்ஷன் ஆனது. பென்ஷன் ஆனால் காம்பராவைக் காலி செய்யவேண்டும். அது எஸ்டேட் சட்டம். வீட்டில் யாராவது வேலைக்குப் பேர் கொடுத்தால் காம்பரா அவர் பேருக்குப் போகும். இல்லை என்றால் இல்லை. என் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒரு கூரைக்காக அவனைத் தேயிலைக்கு இழுக்க எனக்கு மனசில்லை. வர மாட்டான் என்று சொன்னேன். காலி செய்ய மாட்டேன் என்றும் சொன்னேன். அதனால்தான் கதவு போயிற்று.

இதுவும் எஸ்டேட் வழக்கம்தான். ஒரு காம்பரா காலியானால் கதவைக் கழற்றி ஸ்டோரில் வைத்துவிடுவார்கள். வேறு யாரும் குடி வந்துவிடக் கூடாது என்று. ஃபேக்டரிக்குப் பின்னால் அந்தக் கதவுகள் சுவரில் சாய்ந்து கிடக்கும். காம்பராவுக்குள் ஆடு படுக்கும். தரையில் பாசி பிடிக்கும். அடுத்த காம்பராவில் மாமியார், மருமகள், கைக்குழந்தை, கல்யாண வயதுப் பெண் எல்லாரும் ஒரே தரையில் படுப்பார்கள். வீடு இல்லை, வீடு இல்லை என்று பேப்பரில் போடுகிறார்கள். எங்கள் எஸ்டேட்டில் வீடு இருந்தது. கதவுதான் இல்லை.

கதவு போன அன்று நிலையில் படங்கைக் கட்டினேன். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றுவோமே, அந்தத் தார்ப்பாய்ப் படங்கு. மழைச்சாரல் நின்றது. குளிர் நிற்கவில்லை. கரடி வரும் இடம். பக்கத்துக் காம்பராக்காரி தன் நாயைக் கொண்டுவந்து என் வாசலில் கட்டினாள். அவளுக்கு வாய் நீளம்.

"எம் புருசனைக் கட்டிவைக்கலாம்னுதான் பாத்தேன்," என்றாள். "கரடி வந்தா அந்தாளு எந்திரிக்க மாட்டாரு. நாயே தேவலாம்."

கொஞ்ச நாள் கழித்து எஸ்டேட் ஆபீஸ் கிளாக்கர் வந்தார். கோயமுத்தூர்க்காரர். கெட்ட மனுசன் இல்லை. படங்கை விலக்கிக்கொண்டு உள்ளே வர அவருக்குக் கூச்சம். வெளியே நின்றே பேசினார்.

"ஏனுங்கம்மா, இந்தக் குளிருல கெடந்து எதுக்குங்க? பையங்கூடப் போயி இருந்துக்கலாமில்லீங்க?"

"அவன் இருக்கறது ஒத்தை ரூமு. கூட வேலை செய்யற பயலுகளோட. நான் போனா அவன் வாசல்ல படுக்கணும்."

"அப்ப பந்தலூருலயோ கூடலூருலயோ வாடகைக்கு ஒரு ஊடு பாத்துக்குங்க."

"நீங்க பாத்துக் குடுங்க கிளாக்கரையா. எம் பென்ஷனுக்குள்ள."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவரே வாடகை வீட்டில் இருக்கிறவர்.

என் கூடப்பிறந்த தம்பி மகள் ஊட்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அவளுக்குக் கிடைத்த வீட்டுக்காரர் முதலிலேயே சொன்னாராம்: சீசன் வந்தால் காலி செய்துகொடுக்க வேண்டும், சீசன் முடிந்து திரும்ப வரலாம். டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விடுவார்களாம். அவள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். விடியுமுன் பஸ் ஏறி வேலைக்குப் போய், ராத்திரிதான் வருவாள். ஊர்க்காரர்களுக்கு வேலை செய்கிறவளுக்கு அந்த ஊரில் வீடு இல்லை.

சர்க்கார் வீடு கேட்டு ஆபீசுக்கும் போனேன். அங்கே மேசைக்காரர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பட்டா இருக்கா?"

"இல்லீங்க."

"பட்டா இல்லாம இந்தத் திட்டத்துல வீடு குடுக்க முடியாதும்மா."

"பட்டா இருந்தா நான் இங்க எதுக்குங்க வர்றேன்?"

அப்போதுதான் தலையைத் தூக்கினார். எஸ்டேட் நிலம் குத்தகை நிலம் என்றார். காட்டிலாகா எங்களுது என்கிறது, ரெவின்யூ எங்களுது என்கிறது, கேஸ் நடக்கிறது என்றார். அவர் மேல் தப்பில்லை. பட்டா உள்ளவனுக்கு வீடு கட்டப் பணம் கொடுக்கிற திட்டம் அது. பட்டா இல்லாதவனுக்குப் புத்திமதி மட்டும் கொடுக்கிறது.

பிறகுதான் அந்தக் கணக்கெடுப்பு வந்தது. வீடில்லாத தோட்டத் தொழிலாளிகள் எத்தனை பேர் என்று பார்க்க சர்க்கார் ஆள் அனுப்பியது. ஒரு பெண் ஆபீசர் வந்தார். சின்ன வயது. மழை பூட்ஸ் போட்டிருந்தார். கூட எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர் வழி காட்டிக்கொண்டு நடந்தார். வாசல் வாசலாக நின்று பேர் கேட்டார்கள். என் வாசலுக்கு வந்ததும் சூப்பர்வைசர் கையை நீட்டினார்.

"இது காலி மேடம். கதவு கெடையாது பாருங்க."

நான் உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். ஆபீசர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். படங்கை விலக்கி வெளியே வருவதற்குள் லயத்தின் கோடிக்குப் போய்விட்டார்கள். கூப்பிட்டேன். காற்றில் கேட்கவில்லை. ஜீப் போய்விட்டது.

பக்கத்துக் காம்பராக்காரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னாக்கா, நீ செத்துட்டியா?"

"காலியாம்."

"கதவு இல்லாட்டி ஆளும் இல்லியா? நல்லாருக்கே. எம் மாமியா வர்றப்ப நானும் கதவைக் கழட்டி வச்சுக்கறேன்."

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. அவள் புருசனுக்கு அடுத்த வருஷம் பென்ஷன். பையன் கேரளாவில் வேலைக்குப் போய்விட்டான். என் கதை அவளுக்கும் வரும். அந்த லயத்தில் பாதிப் பேருக்கு வரும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்குத் தண்ணிக் குழாயடியில் சொன்னார்கள்.

யோசனை யாருடையது என்று இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பக்கத்துக் காம்பராக்காரியுடையதுதான். கதவில்லாத வீடு காலி வீடு என்றால் லயம் முழுக்கக் காலியாகட்டும் என்றாள். காலி லயத்திலிருந்து யார் கொழுந்துக்கு வருகிறார்கள் என்று தொரை பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். சில பேருக்குப் பயம். வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் கதவைக் கழற்றுவது லேசான காரியமா? அந்த வீட்டுக்காரர்களை யாரும் வற்புறுத்தவில்லை. அவர்களும் மறுநாள் காலையில் கழற்றிவிட்டார்கள். பெண்ணை அடுத்த எஸ்டேட்டில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கீலைக் கழற்றியது அதே தச்சுவேலைத் தம்பிதான். "எனக்குப் பழக்கமான வேலை," என்றான்.

வேலைக்குப் போகும் நேரத்தில் கதவுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு பிரட்டுக்களத்துக்குப் போனோம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மைதானம் அது. வரிசையாகக் கீழே வைத்தோம். மழை தூறியது. நாங்கள் அதன்மேல் உட்கார்ந்தோம்.

தொரை ஜீப்பில் வந்தார். தொரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. எஸ்டேட் மேனேஜர், நம் நாட்டுக்காரர். பட்டம் மட்டும் போகவில்லை.

"என்ன இது?"

"கதவுங்க தொரை," என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

"தெரியுது. யாரு கழட்டச் சொன்னது?"

"காலி ஊட்டுக் கதவு ஸ்டோருக்குப் போகணும்ல? உங்க ஆளுங்க தூக்கிட்டுப் போறதுக்குச் செரமம்னு நாங்களே கொண்டாந்துட்டோம்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். தொரை சிரிக்கவில்லை. கொழுந்து முற்றிப்போகும், ஃபேக்டரி நிற்கும், இதெல்லாம் உங்களுக்குத்தான் நஷ்டம் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஆபீசுக்குப் போனார். வெகு நேரம் கழித்து கிளாக்கரை அனுப்பினார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க சாகிற வரைக்கும் அங்கேயே இருந்துக்கலாமாமுங்க," என்றார் கிளாக்கர். "உங்க கதவை இன்னிக்கே மாட்டித் தர்றாங்களாம். இவங்களை மட்டும் எழுந்து வேலைக்குப் போகச் சொல்லீட்டீங்கன்னாப் போதுமாமுங்க."

"எழுதித் தருவாரா?"

"வாய்ச்சொல்லுதானுங்க."

"தொரை மாறுனா வாய்ச்சொல்லும் மாறும். எனக்கு மட்டும் வேணாம்."

"ஏனுங்கம்மா, கெடைக்கறத வாங்கிக்கறதில்லீங்களா?"

அந்தக் கதவு எனக்கு வேண்டியிருந்தது. குளிரில் மூட்டு வீங்கிப் போயிருந்தது. வாங்கியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த வருஷமே பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் தச்சன் நிற்பான். திரும்பிப் போய்க் கதவின் மேல் உட்கார்ந்தேன்.

நாங்கள் கேட்டது பெரிய கோரிக்கை இல்லை. ஸ்டோரில் உள்ள கதவுகளைக் காலிக் காம்பராக்களில் மாட்டு. கல்யாணமான பிள்ளைகளுக்கு அதைக் கொடு. பென்ஷன் ஆனவரை வேறு வீடு காட்டாமல் வெளியேற்றாதே. பிரட்டுக்களத்துக்கு மேலே சமதரை இருக்கிறது. அங்கே சர்க்கார் வீடு கட்டி, பட்டாவைக் கையில் கொடுக்கட்டும். வேலை செய்த மண்ணில் ஒரு மூலை. இதைத்தான் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், கைநாட்டு வைத்தோம்.

மறுநாள் அந்தப் பெண் ஆபீசர் திரும்ப வந்தார். லயம் முழுக்கக் காலி என்று யாரோ போன் போட்டார்களாம். இந்தத் தடவை சூப்பர்வைசரை ஜீப்பிலேயே உட்காரச் சொல்லிவிட்டார். என் படங்கைத் தானே விலக்கினார்.

"இதுலயா இருக்கீங்க?"

"இதுலதான்."

"அன்னிக்கு ஏம்மா சொல்லல?"

"கூப்பிட்டேன். நீங்க நிக்கல."

உட்கார்ந்து எழுதினார். பிறகு ஒவ்வொரு காம்பராவுக்குள்ளும் போனார்.

அவர் எழுதிக்கொண்டுபோன பிறகு, வேறு வீடு கொடுக்காமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு வந்தது. ஸ்டோர்க் கதவுகள் வெளியே வந்தன, என்னுடையதும். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் ஆட்டை விரட்டிவிட்டுக் குடி வந்தார்கள். பிரட்டுக்களத்தில் கதவுகள் மாறிப்போனதால் ஒன்றும் நிலையில் சரியாகப் பொருந்தவில்லை. லயம் முழுக்க இழைப்புளிச் சத்தமாக இருந்தது.

புது வீடு மட்டும் வரவில்லை. பென்ஷன் ஆன எங்களுக்கு வேறு இடம் காட்டினார்கள். ரொம்ப தூரம். மூன்றாம் மாடி. பஸ் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. சொந்தம் பந்தம் இல்லை. சாவியை நீட்டினார்கள். வாங்கவில்லை. பிடிவாதக்காரி என்றார்கள். ஆமாம் என்றேன். சமதரை இங்கே இருக்கும்போது நான் ஏன் அங்கே மாடி ஏறவேண்டும்?

போன மழைக்காலத்தில் சர்க்கார் அளவுக்காரர்கள் வந்தார்கள். சமதரையை அளக்க. மூன்றுகால் மெஷினை இறக்கிவைத்தார்கள். மழை வலுத்தது. மெஷினைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போனார்கள்.

"மழை விட்டதும் இன்னொரு நாள் வர்றோம் பாட்டி," என்றான் அவர்களில் ஒரு சின்னப் பையன்.

"இங்க மழை விடாது தம்பி."

"மெஷின் நனைஞ்சா கெட்டுப்போயிரும்."

பக்கத்துக் காம்பராக்காரி ஏற்கனவே தன் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நானும் என்னுடையதை எடுத்துவந்தேன். இரண்டையும் ஒன்றாக முடிந்து, நாலு பெண்கள் நாலு முனையைத் தலைக்கு மேல் பிடித்தோம். மெஷின் நனையவில்லை. அந்தப் பையன் எங்களைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.

"நீங்க நனையறீங்களே."

"நீ அளந்து முடி."

அளந்தான். அவன் நகர நகர நாங்களும் படங்கோடு நகர்ந்தோம். கடைசிக் கல்லை நட்டு முடிக்கும் வரை கையை இறக்கவில்லை.