அரைக்கீரைக் கட்டின் அடியைத் தேடி

வியாழக்கிழமை, காலை ஆறரை மணி.

எந்த ஊரில் இறங்கினாலும் எனக்கு முதலில் சந்தையைப் பார்த்தாக வேண்டும். கோபுரம் எங்கும் போய்விடாது. சந்தை எட்டு மணிக்குக் கலைந்துவிடும். மயிலாப்பூரில் அன்று விடிந்தது வானத்தில் அல்ல, ஈரச் சாக்குகளின் மேல். முளைக்கீரையில் விடிந்தது, புதினாவில் விடிந்தது, தண்ணீர் தெளிக்கிற விரல்களில் விடிந்தது.

அந்த வரிசையில் ஒருத்தி விற்காமல் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் முனியம்மா. தோட்டத்திலிருந்து வந்த அரைக்கீரைக் கட்டுகளை ஒவ்வொன்றாக நார் அவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கட்டுனதப் போயி அவுக்கிய?" என்றேன்.

"கண்ணு கீதில்ல? நீயே பாரு நைனா" என்று ஒரு கட்டின் அடியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பாதித் தண்டுகள் நீளம், பாதி குட்டை. வளர்ந்த ஆள் ஒரே பிடியாகப் பிடித்து ஒரே அறுப்பில் அறுத்தால் கட்டின் அடி சமமாக இருக்குமாம். சின்னக் கைக்கு ஒரு பிடியில் அத்தனை கீரை அடங்காது. இரண்டு தரம் பிடித்து, இரண்டு தரம் அறுத்து, சேர்த்துக் கட்டும். அடியில் படி விழுந்துவிடும்.

"குப்பு அறுத்தது இது. ஒம்போது வயசு. போன மாசம் சின்னச் சின்னக் கட்டா வந்துச்சு. கட்டு பெருசா வரணும், புள்ள அறுத்தது எங்க சாக்குல ஏறாதுன்னு இந்த வரிசையில ஆறு பேரும் சொல்லிட்டோம். நானே கூட்டினு போயி அத்த சைதாப்பேட்டை பள்ளிக்கூடத்துல சேத்துவுட்டேன். சேந்தாப்பல ஒரு வாரம் வரலைன்னா பேர அடிச்சிடுவேன்னாரு வாத்தியாரு. இப்போ கட்டு பெருசா வருது, அடி மட்டும் படிக்கட்டா கீது. இன்னிக்கி அந்த ஏகாம்பரத்த ரெண்டுல ஒண்ணு பாக்குறேன்."

தோட்டத்துக்காரன்தான் ஏகாம்பரம். கீரையைப் பக்கத்துச் சாக்குக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தாள். நானும் வருகிறேன் என்றேன். ஏற இறங்கப் பார்த்தாள். "வா. வண்டிச் சத்தம் நீ குடு."

ஏழேகால். குளக்கரை முனையில் ஜட்கா. சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றங்கரைத் தோட்டம் வரை நாலரை மைல், எட்டணா. வண்டிக்காரர் காதர் பாய், திருவல்லிக்கேணி ஆசாமி.

"இன்னாம்மே, கீரை வித்து ஜட்கா சவாரியா?"

"நீ ஓட்டு பாய். உன் குதிரைக்குக் கீரைய காட்னாதான் ஓடும்போல கீது."

புது மாம்பலத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். ஏரியாக இருந்த இடமாம். இன்றைக்கு அலைக்குப் பதில் சுண்ணாம்புச் சுவர்கள். நீர்க்கோழி நீந்திய தடத்தில் செங்கல் வண்டிகள். பாதி எழும்பிய வீடுகளுக்குச் சமையலறை மட்டும் முதலில் முடிந்து புகை விட்டது. அத்தனை அடுப்புக்கும் கீரை வேண்டும். இந்த நகரம் வளர்கிற வேகத்தில் ஒரு பாத்தியும் சும்மா கிடக்க முடியாது.

எட்டேகால். தோட்டம். வடக்கே பனை, தெற்கே கலங்கலாக ஆறு, நடுவே பச்சைச் சதுரங்கள். பன்னிரண்டாம் பாத்தியில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள் குப்பு. விரல்கள் கறுத்திருந்தன. முனியம்மாவைக் கண்டதும் அரிவாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பக்கத்தில் அவள் தாய் அஞ்சலை.

ஏகாம்பரம் ஓடி வந்தான். "கட்டு சரியாத்தானே கீது, அப்புறம் இன்னா?"

முனியம்மா கையோடு கொண்டுவந்திருந்த கட்டை அவன் காலடியில் அவிழ்த்துப் போட்டாள். "இது உன் கையா?"

அவன் தலையைச் சொறிந்தான். "நானா புள்ளைய கூப்ட்டேன்? அவ ஆத்தாள கேளு."

அஞ்சலை எழுந்தாள். சத்தம் போடவில்லை. "யக்கா, கட்ட பெருசாக்கச் சொன்னது நீ. இவரு கூலி குடுக்கறது கட்டுக்கு. பெரிய கட்டுக்கும் அதே கூலி. புள்ளையும் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டா. என் ரெண்டு கை எத்தினி கட்டு கட்டும்? நாலு நாள் ஒருவேளச் சோறுதான். அஞ்சாம் நாள் அதுவே அரிவாள எடுத்துக்கினு வந்துருச்சு. அது பள்ளிக்கூடம் போவாம இன்னியோட ஏழு நாளு. மணி அடிக்கறதுக்குள்ள வரலைன்னா பேரு போயிடும்னு எனக்கும் தெரியும்."

முனியம்மா குனிந்து அவிழ்ந்த கீரையை அள்ளினாள்.

"என் தப்புதான்" என்றாள். "புள்ள கையப் பாத்தேன். உன் கூலியப் பாக்கல."

பிறகு அவள் பேசியதெல்லாம் சந்தைப் பேச்சு. இனிமேல் கட்டுக்குக் கூலி கிடையாது, பாத்திக்குக் கூலி. அஞ்சலை தன் கையால் நாலு பாத்தி அறுத்தால் வீட்டில் இரண்டு வேளையும் உலை ஏற வேண்டும். அதற்காகும் கூடுதலில் பாதி ஏகாம்பரத்துடையது, பாதி சந்தைப் பெண்கள் ஆறு பேருடையது.

"அப்ப கட்டு விலை ஏறுமே. மயிலாப்பூர் மாமிங்க சும்மா வுடுவாங்களா?" என்றான் ஏகாம்பரம்.

"திட்டுவாங்கோ. திட்டிக்கினே வாங்குவாங்கோ. முடியாதுன்னா சொல்லு, உன் கீரைய எங்க வரிசையில எவளும் தொடமாட்டா."

அவன் ஆற்றைப் பார்த்தான், பனையைப் பார்த்தான். ஆறு பேரையும் இழந்தால் அத்தனை கீரையும் மாட்டுக்குத்தான். "சரி. நாளையிலேர்ந்து."

"இன்னியிலேர்ந்து."

"சரிம்மே, இன்னியிலேர்ந்து."

ஒன்பது மணிப் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஐந்து நிமிஷம். "மணி அடிச்சா என் குதிரை ஒண்ணும் பண்ண முடியாது, ஏறுங்கோ!" என்று காதர் பாய் கூவினார். குப்பு ஆற்றில் கை கழுவினாள், கறை போகவில்லை. அப்படியே ஏறினாள். அஞ்சலை வண்டியின் பின்கட்டையைப் பிடித்தபடி பத்தடி கூடவே ஓடிவந்து, நின்றுகொண்டாள்.

"ஏ கொயந்தே, ஜட்காவுல பள்ளிக்கூடம் போற மவராணி நீதான்" என்றார் பாய்.

"குதிரைக்குப் பேரு இன்னா?" என்று கேட்டாள் குப்பு. அந்தக் காலையில் அவள் முதலில் பேசியது அதுதான்.

பள்ளிக்கூட வாசலில் வாத்தியார் மணி அடிக்கிற கட்டையோடு நின்றிருந்தார். குப்பு குதித்து ஓடினாள். அவர் கையை ஓங்கியபடியே அவள் உள்ளே நுழையும்வரை காத்திருந்து, பிறகு மணியை அடித்தார்.

என்னை ரயிலடியில் இறக்கிவிடப் போகும் வழியில் முனியம்மா கேட்டாள்: "உனக்கு எந்த ஊரு நைனா?"

"தாமிரபரணிக் கரை. தம்பி வெற்றிலைக் கொடிக்கால் வச்சிருக்கான்."

"யாரு வெத்தல கிள்றது?"

யோசித்தேன். கொடிக்காலின் நிழலைப் பற்றி ஒரு வாரம் பேசுவேன். அகத்தி மரங்களுக்கிடையே வெயில் இறங்குகிற விதம் தெரியும். மதுரை வண்டியில் வெற்றிலை மூட்டை ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். கிள்ளுகிறவர்களின் முகம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"தெரியாதும்மா."

"நல்லா கீதே உன் ஊர் சுத்தல்" என்றாள்.

ஒன்பதரை மணிக்குச் சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினேன். மறுநாள் காஞ்சிபுரம் போவதாக இருந்தேன். எழும்பூரில் இறங்கியதும் திருநெல்வேலிக்குச் சீட்டு வாங்கினேன். எங்கள் ஊரில் வெற்றிலை கிள்ள வருகிறவர்கள் வெயில் ஏறுமுன் கொடிக்காலுக்குள் நுழைந்துவிடுவார்கள். அவர்களுக்கு முன்னால் போய் நான் வாசலில் நிற்க வேண்டும்.