ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம்

அமெரிக்காவில் பிளின்ட் நகரத்துக் கார் ஆலையில் நோர்மா டிபெட்ஸ் முப்பத்தொரு வருஷம் உழைத்தாள். அதில் பத்தொன்பது வருஷம் பேட்டரி பூட்டுகிற வேலை. ஒரு ஷிப்டுக்கு நானூறு பேட்டரி. முதுகு போனது, பென்ஷன் வந்தது. புலம்ப மாட்டாள். யாருக்கும் நன்றியும் சொல்ல மாட்டாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்து வீட்டு கராஜிலிருந்து, கிளம்ப மாட்டாமல் ஒரு வண்டி முக்குவது கேட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். லெராய் கார்ஸாவின் சிவப்பு கார்வெட் காருக்குள் உட்கார்ந்து அவன் மனைவி கான்னி சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துடி! என்ன பண்றே?"

"ஞாயித்துக்கிழமைதோறும் அஞ்சு நிமிஷம் ஓட விடறேன். பேட்டரி செத்துடக் கூடாதில்ல?"

"நீதான்டி அதைச் சாகடிக்கிறே! ஸ்டார்ட் பண்ணத் தின்ன சார்ஜ் அஞ்சு நிமிஷத்துல திரும்பி ஏறாது. இந்தக் குளிர்ல காலியாக் கிடந்தா உள்ளே உறைஞ்சு விரிசல் விட்டுரும்."

கான்னி ஸ்டியரிங்கில் தலை சாய்த்தாள். லெராய்க்கு ஜனவரியில் இதய ஆபரேஷன். பராமரிப்பு இல்லத்தில் கிடந்தான். நடக்கச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தினம் ஒரே கேள்வி, வண்டி கிளம்புதான்னு. கிளம்பலைன்னா வித்துடுங்கறான். அதையும் வித்துட்டா அவன் எதுக்குடி எழுந்து வரணும்?"

நோர்மா ஸ்பானர் கொண்டுவந்தாள். பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றினாள், பிறகு பிளஸ். பேட்டரி இன்னும் உறையவில்லை. முதுகு கத்த, இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் நிதானமாகச் சார்ஜ் ஏற்றினாள். பிறகு சின்ன சார்ஜரில் மாட்டினாள். நிறைந்தால் தானே ஓயும், குறைந்தால் தானே ஏற்றும் ரகம் அது. அதன் பச்சை விளக்கைக் காலையில் காப்பிக்கு முன்னால் போய்ப் பார்ப்பாள்.

மார்ச் கடைசியில், பனி உருகவென்று ரோட்டில் கொட்டியிருந்த, காரை அரிக்கிற உப்பை மழை கழுவியது. நோர்மா பேட்டரியைப் பூட்டினாள். கான்னி லெராய்க்குப் போன் போட்டு அதை எஞ்சின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். நோர்மா சாவியைத் திருகினாள். ஒரே திருகுதான். கார் உறுமியது.

போனில் லெராயின் குரல்: "நர்ஸம்மா! என் ஷூ எங்கே?"

கான்னி அழுதாள். "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"சொல்லாதே. ஸ்ட்ரைக்ல அம்பது நாள் நான் ஆலை வாசல்ல நின்னப்போ, என் ரெண்டு பிள்ளைக்கும் யாரு சோறு போட்டது? நான் நன்றி சொன்னேனா?"

"இல்லை."

"இப்போ சொல்றேன். நன்றிடி. போதுமா? வண்டியை அணைக்காதே. அவன் இருக்கற இடம் நாப்பது நிமிஷம். நேரா அங்கே போ. பேட்டரிக்கும் நல்லது."